செடார் பிளஸ்: சின்ன சுரங்கக் கம்பனி வாங்குமுன் பார்க்க வேண்டிய தளம்

ஸ்காபரோவில் எங்கள் நண்பர் வட்டத்தில் யாராவது ஒரு சின்ன தங்கச் சுரங்கக் கம்பனியின் பெயரை அனுப்பி, "20 சதம்தான், இப்பவே எடுங்கோ" என்றால், நான் முதலில் திறப்பது செடார் பிளஸ். கனடிய மாகாணங்களின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளர்கள் சேர்ந்து நடத்தும் இணையத்தளம் அது. 1997இல் தொடங்கிய பழைய செடாருக்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்தது. காசு கட்டத் தேவையில்லை, கணக்கும் திறக்க வேண்டாம்.

நிலத்தைத் துளைத்துப் பார்க்கும் கட்டத்தில் இருக்கும் கம்பனிக்கு வருமானம் கிடையாது. பங்கை விற்றுத்தான் துளையிட வேண்டும். 100 மில்லியன் பங்கில் உங்களிடம் 1 மில்லியன் இருந்தால் அது 1 சதவீதம். வாரண்ட் என்பது குறித்த விலையில் பின்னர் ஒரு புதிய பங்கை வாங்கும் உரிமை. கம்பனி இன்னும் 50 மில்லியன் பங்கை, ஒவ்வொன்றோடும் அரை வாரண்ட் சேர்த்து வெளியிட்டால், அந்த வாரண்டுகளும் பங்கானபின் மொத்தம் 175 மில்லியன். உங்கள் பங்கு 0.57 சதவீதம். தங்கம் இருந்த இடத்தில்தான் இருக்கும், உங்கள் பகுதி மட்டும் சுருங்கிவிடும்.

கம்பனியின் பளபளப்பான விளக்கப்படங்களில் இந்தக் கணக்கு எங்காவது பொடி எழுத்தில் கிடக்கும். செடார் பிளஸில் காலாண்டு நிதியறிக்கையோடு வரும் நிர்வாக விளக்க அறிக்கையை (MD&A) எடுத்து, கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பங்கு, ஆப்ஷன் (நிர்வாகிகள், ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்கு வாங்கும் உரிமை), வாரண்ட் எத்தனை என்று அறிக்கை எழுதிய நாளையொட்டிய எண்ணிக்கை இருக்கும். ஐந்தொகையில் இருப்பது காலாண்டு முடிவு எண். வென்ச்சர் கம்பனிகளுக்கு, அதாவது பெரிய சந்தைகளில் இல்லாத இந்த மாதிரிச் சின்னக் கம்பனிகளுக்கு, காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்ய 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு புதிய வெளியீடு நடந்து முடிந்திருக்கலாம்.

அப்புறம் நிதியறிக்கைக் குறிப்புகளில் வாரண்ட் அட்டவணை. எந்த விலை, எப்போது காலாவதி என்று பாருங்கள். 25 சதத்தில் பெருந்தொகை வாரண்ட் இருந்தால், பங்கு விலை அதைத் தாண்டியதும் வாரண்டைப் பங்காக்கி விற்பவர்கள் வருவார்கள். தனியார் வெளியீட்டில், அதாவது சந்தையில் அல்லாமல் கம்பனியிடமே நேரடியாக, வாங்கியவர்கள் பொதுவாக நான்கு மாதமும் ஒரு நாளும் விற்க முடியாது. அந்தத் திகதியை நான் நாட்காட்டியில் குறித்து வைப்பேன்.

"பங்கு எண்ணிக்கை மிகக் குறைவு" என்று பெருமை பேசும் கம்பனியென்றால் பழைய செய்தி அறிவிப்புகளையும் புரட்டுங்கள். பத்துப் பங்கை ஒன்றாகச் சுருக்கிய கதை அங்கே இருக்கலாம்.

தேடல் பக்கம் அரசாங்கப் படிவம் மாதிரி. கைத்தொலைபேசியில் பார்ப்பது பெரும் தலையிடி, கணினியே சரி. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நான்கு.

புதிய பங்கு வெளியிட்டாலே கெட்ட கம்பனி என்று நான் ஒதுக்குவதில்லை. அதே அறிக்கையில் செலவுப் பக்கத்தைப் பார்ப்பேன். துளையிடலுக்குப் போனதைவிடச் சம்பளத்துக்கும் விளம்பரத்துக்கும் கூடப் போயிருந்தால், நண்பருக்கு "வேண்டாம்" என்று பதில் எழுதிவிடுவேன்.