பயோகிரிட் டேட்டாபேஸ்: ஒரு வருஷம் யூஸ் பண்ணதுல தெரிஞ்சது

பினாங்குல மாஸ்டர்ஸ் பண்ற பிள்ளைங்க ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க, அக்கா எந்தப் புரதம் எதோட சேருதுன்னு பாக்க எது நல்லதுன்னு. எனக்கு பயோகிரிட்தான், அந்த மாதிரி ஜோடிங்கள சேத்து வச்சிருக்க இணைய தளம். 2003-ல டொரோண்டோவுல ஆரம்பிச்சது, லாகின் வேணாம் காசு வேணாம், மொத்த டேட்டாவையும் இறக்கிக்கலாம், மாசாமாசம் புதுசு பண்றாங்க. சாப்ட்வேர் லைசன்ஸ் விலைய ரிங்கிட்டுக்கு மாத்திப் பாத்தவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொரு புரத ஜோடிக்கும் எந்த ஆய்வு பேப்பர்ல வந்துச்சு எந்த முறையில பாத்தாங்கன்னு பக்கத்துலயே இருக்கும், ஆளுங்க உக்காந்து பேப்பர் படிச்சு எடுத்துப் போட்டது. இதுக்கு முன்னால வேற ஒரு தளத்துல ஸ்கோர் பெருசா இருக்குன்னு நம்பி மூணு வாரம் கோ-ஐபி (ஆன்டிபாடிய வச்சு ஒரு புரதத்தப் பிடிச்சு, இன்னொன்னு கூட வருதான்னு பாக்குறது) பண்ணேன், கூட வந்ததுக்கு அடையாளமா ஒரு பேண்டே, அதாவது கோடே வரல, அப்புறம் பாத்தா அந்த ஸ்கோர் முக்கால்வாசி ரெண்டு புரதத்தோட பேரும் ஒரே கட்டுரையில சேந்து வந்ததுக்காகக் கிடைச்சது. நான்தான் உள்ள போய் பாக்கல. ஆன்டிபாடி பாதி காலி, மனசு விட்டுப்போச்சு.

அதனால சொல்றேன், எந்த முறையில பாத்தாங்கன்னு போட்டிருக்க எவிடென்ஸ் கட்டத்த முதல்ல படிங்க. டூ ஹைப்ரிட்னா ஈஸ்ட் செல்லுக்குள்ள வச்சுப் பாத்தது, மனுஷ செல்லுல அந்த ரெண்டும் ஒரே இடத்துல இருக்கான்னு நீங்கதான் யோசிக்கணும். அஃபினிட்டி கேப்சர் எம்எஸ் (எம்எஸ்னா மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, எடைய வச்சு புரதத்த அடையாளம் காணுற முறை)னா ஒரு புரதத்தப் பிடிச்சு இழுக்கும்போது கூட வந்த கூட்டம் முழுக்க பட்டியல்ல வரும், நேரா தொட்டுக்கிட்டுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒரு ஜோடி ரெண்டு மூணு வேற முறையில, வேற வேற லேப்ல வந்திருந்தா தைரியமா எறங்கலாம். லிஸ்ட்ல இல்லைன்னா சேராதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, யாரும் இன்னும் பாக்காம இருக்கலாம்.

ஜெனட்டிக் இன்டராக்ஷன் பக்கத்தயும் விட்டுடாதீங்க. ரெண்டு ஜீன்ல ஒன்னு மட்டும் போனா செல் பொழைக்கும், ரெண்டும் போனா செத்துடும், அதுதான் சிந்தெடிக் லெத்தாலிட்டி. டிஎன்ஏவ சரிபண்ற பிஆர்சிஏ ஜீன் பழுதான செல்லுல, அதே மாதிரி சரிபண்ற வேலை பாக்குற பார்ப் (PARP) புரதத்த தடுத்தா செத்துடுதுன்னு 2005-ல ரெண்டு குழு காட்டுனாங்க, அந்த வழியில வந்த ஓலாபாரிப்ங்கிற புற்றுநோய் மருந்துக்கு 2014-ல அமெரிக்காவுல அனுமதி கெடச்சுச்சு. இந்த மாதிரி ஜோடிங்க அங்க வரிசையா கெடக்கு.

குறைன்னா ஈஸ்ட்டும் மனுஷனும் கொட்டிக் கெடக்கு, செடின்னா பெரும்பாலும் லேப்ல வளக்குற அராபிடாப்சிஸ்ங்கிற சின்னச் செடிதான், செம்பனைல வேலை பாக்குறவங்க அதுல இருக்க அதே மாதிரி ஜீனத் தேடித்தான் ஆரம்பிக்கணும். படமா பாக்க நான் சைட்டோஸ்கேப்ங்கிற வலைப்படம் வரையிற சாப்ட்வேர்ல போட்டுக்குவேன்.

கெலுகோர் பக்கம் இருக்கவங்க மெசேஜ் போடுங்க, சனிக்கிழமை மாமாக் கடையில லேப்டாப்ப வச்சு உங்க ஜீனயே தேடிக் காட்டுறேன்.