வாஃபிளா, ட்விஸ்ட் லூப்பா: கார் துடைக்க எந்தத் துண்டு?

கழுவிய கார் தானாகக் காய்ந்தால், போர்த் தண்ணீரின் உப்பு பெயின்ட்டில் வெள்ளைப் புள்ளிகளாகப் படியும். அதனால் துண்டு வேகமாக உறிஞ்ச வேண்டும்.

வாஃபிள் நெசவு (சின்னச் சின்னக் கட்டக் குழிகள் கொண்டது) மைக்ரோஃபைபர் துண்டு பெரும்பாலும் 300–400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்). எளிதாகப் பிழியலாம், சீக்கிரம் காயும். கண்ணாடிக்கு இதுதான். ஆனால் இழை குட்டை. சரியாகக் கழுவாத காரில் மிஞ்சிய மணல் துண்டுக்குள் புதைய வழியின்றி பெயின்ட்டை உரசும். கறுப்பு வண்டியில் அந்தக் கீறல் வெயிலில் பளிச்செனத் தெரியும்.

ட்விஸ்ட் லூப், அதாவது முறுக்கிய நூல் வளையங்கள் நிறைந்த மைக்ரோஃபைபர் துண்டு, 500 ஜிஎஸ்எம்முக்கு மேல், 1200 வரைகூடக் கிடைக்கும். பானெட்டில் விரித்து, ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாலே தண்ணீர் போய்விடும், அழுத்தவே வேண்டாம். குறை, நனைந்தால் கனம். அரை ஈரத்தோடு டிக்கியில் போட்டால் நாறும். நம்பர் பிளேட் முனையில் லூப் மாட்டி நூல் இழுபடும். அதைப் பிடுங்காமல் கத்தரியுங்கள்.

ஒன்றுதான் வாங்குவதானால் ட்விஸ்ட் லூப். உறுத்தும் லேபிளை முதலில் வெட்டிவிடுங்கள்.

துவைப்பது இரண்டுக்கும் ஒன்றே: லிக்விட் டிடர்ஜென்ட், 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், பருத்தித் துணியோடு சேர்க்கக் கூடாது. ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம்; அது இழைமேல் படிந்து உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். வாக்ஸ் துடைத்த துண்டைத் தனியாகத் துவைக்கவும். இஸ்திரிப் பெட்டி பட்டால் இழை உருகும்.