சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம்: சுத்தம் உண்டு, வேலைதான் இல்லை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரை அடுத்த தோட்டப்புறத்தில், கற்றல் குறைபாடுள்ள பெரியவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் தனியார் இல்லம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். என் சின்னம்மாவின் மகன் அங்கே இருக்கிறான். அவனுக்கு 26 வயது, டவுன் சிண்ட்ரோம் உள்ளவன். நிறையோடு குறையையும் சொல்லப்போவதால் இல்லத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

உடல்நலப் பராமரிப்பில் இவர்களைக் குறைசொல்ல இடமில்லை. காலை, மதியம், இரவு என்று பிரித்த மாத்திரைப் பெட்டி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கிறது. மாத்திரை கொடுத்தவர் நோட்டுப் புத்தகத்தில் நேரம் எழுதிக் கையெழுத்திடுகிறார். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கென்று வேறொரு நோட்டு உண்டு. வலிப்பு தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் அதில் பதிவாகின்றன. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதிய தாள் குளிர்பதனப் பெட்டியின் கதவிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் குறைபாடு எளிதில் வருவதால், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனைக்குத் தம்பியை அழைத்துப் போகிறார்கள். வீட்டில் இருந்தபோது நாங்களே இதில் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

சாப்பாடு நன்று. பணக்கணக்கு நேர்மையானது, முடிவெட்டிய ரசீது வரை காட்டுகிறார்கள்.

குறை, பகல் பொழுதில்தான். பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பு 19 வயதோடு முடிந்துவிட, அதன்பின் இந்த இளைஞர்களுக்குப் போக இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, உறவினர் ஆளுக்கொரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியேறிவிட்ட பிறகு, வயதான பெற்றோர் நாடுவது இத்தகைய இல்லங்களைத்தான். ஆனால் இங்கே தங்கியிருப்பவர்களில் பாதிப்பேர் பக்கவாதம் வந்த முதியவர்கள். ஆகவே வீட்டின் கடிகாரம் அவர்களுக்காகவே ஓடுகிறது: மாலை ஐந்தரைக்கு இரவுச் சாப்பாடு, எட்டு மணிக்கு விளக்கணைப்பு. இருபது வயதுக்காரர்கள் காலைத் தேநீருக்குப் பிறகு கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக அமர்ந்து, வேறொருவர் தேர்ந்தெடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள்.

இதனால் கைவந்த திறமையும் போய்விடுகிறது என்பதே என் முக்கியமான முறைப்பாடு. தம்பி வீட்டில் தானே முகச்சவரம் செய்துகொள்வான், மைலோ கலக்கிக் குடிப்பான், துணியை மடித்து அடுக்குவான். இல்லத்தில் சேர்ந்த சில மாதங்களில், சவரம் செய்ய ஆள் வரும்வரை தாடையை நீட்டிக்கொண்டு உட்காரப் பழகிவிட்டான். சமையலறை வாசலில் இடுப்பளவுக் கம்பிக் கதவும் பூட்டும் இருக்கின்றன. நிர்வாகி அம்மாவிடம் கேட்டபோது, “சுடுதண்ணி கொட்டிக்கிட்டா நாளைக்கு நான்தானே பதில் சொல்லணும், தம்பி?” என்றார். நியாயமான அச்சம்தான், ஆனால் அதற்கு மருந்து பூட்டு அல்ல, பக்கத்தில் நிற்க ஓர் ஆள். பேசிப் பார்த்ததில், மாலையில் சமையற்கார அக்காவின் மேற்பார்வையில் அவனை உள்ளே விட ஒப்புக்கொண்டார். இப்போது அவன் தனக்கும் பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கும் சேர்த்தே மைலோ கலக்குகிறான், சர்க்கரைதான் கொஞ்சம் தாராளம்.

நான்கு பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ தங்கவைக்கும் இல்லங்கள் 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநல இலாகாவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இங்கே அந்தச் சான்றிதழ் முன்கூடத்தில் தொங்குகிறது. ஆனால் கட்டடமும் கழிவறையும் சரியாக இருப்பதைச் சான்றிதழ் சொல்லுமே தவிர, உள்ளே இருப்பவரின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைச் சொல்லாது. மலேசியா 2010-இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகளின் மாற்றுத் திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, யாரோடு வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அதன் 19-ஆவது விதியில் பேசுகிறது. தம்பியின் அறையில் மூன்று கட்டில்கள். மற்ற இருவர் யாராக இருக்கலாம் என்று அவனை எவரும் கேட்டதில்லை.

வருகையாளர் விஷயத்தில் இந்த இல்லம் தாராளமானது. முன்னறிவிப்பின்றிப் போனாலும் கட்டில்வரை சென்று பார்க்கலாம். இதைச் சிறு சலுகையாக எண்ணக் கூடாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கு அருகிலிருந்த வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில், கற்றல் குறைபாடுள்ளவர்களை ஊழியர்கள் அடித்துத் துன்புறுத்தியதை 2011-இல் பிபிசியின் மறைவுக் கேமராதான் வெளிக்கொணர்ந்தது. அங்கே குடும்பத்தினரை அறைகள்வரை விடுவதில்லை.

மருந்தும் பாதுகாப்பும் முதன்மையாகத் தேவைப்படுவோருக்கு இந்த இல்லத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓரளவு தானே இயங்கும் இளைஞரைச் சேர்ப்பவர்கள், அவர் வீட்டில் செய்துவந்த வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அவற்றை இங்கும் செய்யவிடுவதாக ஒப்புதல் பெற்ற பிறகே பணம் கட்ட வேண்டும். அரசாங்கம் 1984 முதல் நடத்திவரும் சமூக மறுவாழ்வு மையங்களுக்கு, பி.டி.கே. என்றால் எல்லாருக்கும் தெரியும், வாரத்தில் சில நாளாவது இளையவர்களை வேனில் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். வேன் ஓட்ட ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்பது நிர்வாகியின் பதில். விளக்கணைக்கும் நேரத்தை இளையவர்களுக்கு மட்டும் பத்து மணியாக்கும்படி கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.