என்ஜினில் கொட்டிய பணமும் தண்டவாளத்தில் விட்ட கோட்டையும்

அம்பத்தூர் நண்பர் ஒருவர், 20,000 ரூபாயில் எச்ஓ (அசலில் 87-இல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் தொடங்கலாமா, எந்த என்ஜின் நல்லது என்று கேட்டார். போன வாரம்தான் என் தண்டவாளம் முழுவதையும் கழற்றி மாற்றினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன், கண்ணுக்குத் தெரிவது என்ஜின்தானே, செலவு அதற்குத்தான் என்று முடிவு செய்தேன். எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும் நல்ல என்ஜின், 14,000 ரூபாய். தண்டவாளம் ஒரு மலிவு செட்டில் வந்த இரும்பு. வீடு திருவான்மியூரில், கடலுக்கு நடக்கும் தூரம். ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கும் இடம் என்பதை யோசிக்கவில்லை.

மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது. நடுவில் மெல்லிய துரு படிந்தாலே வண்டி நின்றுவிடும், விரலால் தள்ள வேண்டும். ஐந்து நிமிடம் ஓட்ட அரை மணி நேரம் துடைத்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது பெரிய தவறு. கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேர்ந்தது. மகள் ஆசையாக வந்து உட்காருவாள். பாதிச் சுற்றில் வண்டி நிற்கும், எழுந்து போய்விடுவாள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

இப்போது போட்டிருப்பது நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். இரும்பு போலத் துருப்பிடிக்காது. மங்கினால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் சரியாகிவிடுகிறது. 9,000 ரூபாய் ஆனது. அதே பழைய என்ஜின், பேசின் பிரிட்ஜ் தாண்டி சென்ட்ரலுக்குள் ஊர்ந்து நுழையும் வண்டி மாதிரி, குலுங்காமல் மெதுவாகப் போகிறது. இவ்வளவு நிதானமாக அது ஓடும் என்று ஆறு வருடமாக எனக்குத் தெரியவே தெரியாது.

இரும்பை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. உப்புக் காற்று இல்லாத ஊரில், அடிக்கடி ஓட்டுகிறவருக்கு அது பல வருடம் உழைக்கும், விலையும் குறைவு. இருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம், வளைவு அகலமாக இருக்கட்டும். நம் பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலையின் ரயில் பெட்டி 1:87 என்ற எச்ஓ அளவில் ஏறக்குறைய 24.5 சென்டிமீட்டர் வருகிறது. 18 அங்குல ஆரத்தில் திரும்பும்போது நடுப்பகுதி உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டு தெரியும், பார்க்க நன்றாக இருக்காது.

ஆக, தண்டவாளத்துக்குப் பாதிப் பணம், என்ஜின் சுமாராக இருந்தாலும் போதும் என்று நண்பரிடம் சொன்னேன். "அப்படியானால் உங்கள் என்ஜினைப் பாதி விலைக்குக் கொடுங்களேன்" என்றார். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.