மொட்டை மாடி ஒழுக்கு: எஸ்.பி.ஆர். பாலா, இ.பி.டி.எம். ஷீட்டா?

இரண்டுமே செயற்கை ரப்பர்தான். எஸ்.பி.ஆர். பால் சிமெண்டோடு கலந்து பூசும் திரவம்; இ.பி.டி.எம். மாடியில் விரித்து ஒட்டும் ரப்பர் ஷீட். திருநெல்வேலி வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே இரண்டின் குணமும் வேறு.

எஸ்.பி.ஆர். பால் 1 கிலோவுக்கு சிமெண்ட் 1.5 கிலோ கலந்து, நனைத்து, தேங்கிய தண்ணீரை வடித்த தளத்தில் இரண்டு கோட் அடிக்கணும். செலவு குறைவு, உள்ளூர் கொத்தனாரே செய்வார். உச்சி வெயிலில் அடித்தால் வேகமாகக் காய்ந்து மயிரிழை வெடிப்பு விழும். மேலே தட்டோடு பதிக்காமல் விடாதீர்கள், வெயில் அரித்துவிடும்.

வெடிப்பு விரிந்து சுருங்கும் பழைய மாடியா? தயங்காமல் 1.5 மி.மீ. இ.பி.டி.எம். ஷீட்டுக்குப் போங்கள். அதுவும் கூடவே இழுபடும், வெயிலையும் தாங்கும். தளம் நன்றாக உலர்ந்திருக்கணும். ஒழுகுவது பெரும்பாலும் ஷீட்டும் ஷீட்டும் சேரும் இணைப்பிலும் தண்ணீர்க்குழாய் வாயிலும்தான். அங்கே தூசி துடைத்து, பிரைமர் (ஒட்டுப் பிடிக்க முதலில் பூசும் பூச்சு) பூசி, இணைப்பு டேப்பை ஒட்டி உருளையால் அழுத்துங்கள். டீசல், தார் பட்டால் ஷீட் உப்பிவிடும்.