பாம்ப்ளெமூஸ் தோட்டத்துக்குப் பிள்ளையோடு பாட்டியையும் கூட்டிப் போங்கள்

ஊர்ப் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: பாம்ப்ளெமூஸ். நம் பம்பளிமாஸ் பழம்தான். மொரிஷியஸுக்குக் கல்யாணம் செய்துகொண்டு வந்த புதிதில், தலைநகர் போர்ட் லூயி பஸ் நிலையத்தில் அந்தப் பெயரைப் பலகையில் பார்த்ததும் எனக்கு மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லை ஞாபகம் வந்தது. ஆனாலும் அந்த ஊர்த் தாவரவியல் தோட்டத்தை ஒழுங்காகச் சுற்றிப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகிவிட்டது. போன ஜூலை விடுமுறையில்தான் ஏழு வயதுப் பையனையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஒரு முழுக் காலைப்பொழுது அங்கே இருந்தோம். பிள்ளை வைத்திருக்கிற எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளித் தாய்மார்கள் வாட்ஸப் குழுவில் அடிக்கடி ஒரு பட்டியல் சுற்றும். பத்து வயதுக்குள் பிள்ளைக்கு இன்னின்ன அனுபவம் கிடைத்திருக்க வேண்டும் என்று: டால்ஃபின் பார்க்க வேண்டும், கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும், பனி பார்க்க வேண்டும். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் மூக்குக்கு ஒன்றுமே இல்லை. தினமும் தட்டில் விழுகிற பட்டையும் கிராம்பும் எந்த மரத்திலிருந்து வருகிறது, அந்த இலையைக் கசக்கினால் எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளைக்குக் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும், அதுவும் பெயர் தெரிந்த ஆள் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் முதல் இடம். இந்தத் தோட்டம் அதைக் கொடுக்கிறது.

இரண்டு வருடம் முன்பு ஒரு சுற்றுலா வேன்காரரிடம் பணம் கட்டி இதே தோட்டத்துக்குள் போனோம். தோட்டம், கடைத்தெரு, கடற்கரை எல்லாம் ஒரே நாளில். தோட்டத்துக்கு 25 நிமிஷம். அல்லிக்குளத்தில் போட்டோ எடுத்தோம், ஓடி வந்து வேனில் ஏறினோம், பையன் தூங்கிவிட்டான். அதைத் தோட்டம் பார்த்த கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இந்த முறை வேன் இல்லை. ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறி போர்ட் லூயி, இமிக்ரேஷன் ஸ்கொயரில் பஸ். ஊர் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான். வாசலிலேயே அனுமதி பெற்ற வழிகாட்டிகள் இருப்பார்கள், தயவுசெய்து ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம், முதலிலேயே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டு உள்ளூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் வேறு வேறு, அதனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வழிகாட்டி இல்லாமல் போனால் எல்லாம் பச்சையாக இருக்கும், அவ்வளவுதான் தெரியும். எங்களுக்கு வந்தவர் அறுபதை நெருங்கிய கிரியோல்காரர் (ஆப்பிரிக்க வம்சாவளி), மாமியாரைத் "தாந்தீன்", அதாவது அத்தை, என்று கூப்பிட்டுக் கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டார். அங்கேயே எனக்குப் பாதிப் பயணம் நல்லபடியாக முடிந்தது போல இருந்தது.

அவர் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார் என்று பாருங்கள். முதல் மரத்தடியில் கீழே கிடந்த ஒரு இலையை எடுத்தார், பெயர் சொல்லவில்லை. "கண்ணை மூடு" என்றார். இலையை இரண்டாக மடித்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, பையன் மூக்குக்குக் கீழே பிடித்தார். அவன் ரொம்ப நேரம் யோசித்தான், நெற்றி சுருங்கியது. அப்புறம் "கிரான்மேர் பிரியாணி!" என்று கத்தினான். (பாட்டியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.) இலவங்கப்பட்டை மரம். அவர் "கனேல்" என்றார், நான் "பட்டை" என்றேன், மாமியார் அந்த இலையை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்து கற்பூர மரம். அதைக் கண்டுபிடித்தது மாமியார்தான், முகர்ந்த கையோடு "கோவில்!" என்றார். பையன் சாதிக்காயைக் குழம்பில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பான், ஆனால் பழத்தைப் பிளந்தால் உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை போலச் சாதிபத்திரி இருக்கும், இரண்டும் ஒரே பழத்தில் வருகிற இரண்டு மசாலா என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் சரியாகத் தெரியாது.

சாதிக்காய் இங்கே வந்த கதையை அவர் திருடன் கதை போலச் சொன்னார், பையன் நடப்பதையே மறந்து நின்றுவிட்டான். 18ஆம் நூற்றாண்டில் சாதிக்காயும் கிராம்பும் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிற மொலுக்காஸ் தீவுகளிலிருந்துதான் வர வேண்டும், டச்சுக்காரர்கள் ஒரு நாற்றைக்கூட வெளியே விடமாட்டார்கள். பியேர் புவாவ்ர் என்கிற பிரெஞ்சுக்காரர், பெயருக்கே பிரெஞ்சில் மிளகு என்றுதான் அர்த்தம், அவர் 1767இல் இந்தத் தீவுக்கு நிர்வாகியாக வந்தார். ஆள் அனுப்பி, யாருக்கும் தெரியாமல் நாற்றும் விதையும் எடுத்து வரச் செய்து, 1770 வாக்கில் இந்தத் தோட்டத்தில் நட்டார். அதற்கு ரொம்ப முன்பே, 1745இல், இங்கிலீஷ்காரர்களோடு நடந்த கடல் சண்டையில் அவருக்கு வலது கை போய்விட்டது. ஒற்றைக் கை மனிதர் மசாலா திருடினார் என்றால் எந்தப் பிள்ளைதான் மறக்கும்? அன்று முழுக்கப் பையன் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டே நடந்தான்.

எனக்கு மறக்க முடியாத இடம் இதற்கு அப்புறம் வந்தது. மசாலா மரங்களைத் தாண்டி நடக்கும்போது, எங்கள் வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது என்று வழிகாட்டி பையனிடம் கேட்டார். அவன் கிரியோலில் (பிரெஞ்சிலிருந்து வந்த, இங்கே எல்லாரும் பேசுகிற மொழி) அடுக்கினான்: கரிபூலே, கோதோமிலி, மூரூம். அவரும் தலையாட்டி, தன் வீட்டிலும் கரிபூலே மரம் இருக்கிறது, அது இல்லாமல் கறி ஆகுமா என்றார். நான் அங்கேயே நின்று பையனிடம் கேட்டேன், இந்த மூன்று சொல்லும் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று. மெதுவாகச் சொல்லிக் காட்டினேன்: கறிவேப்பிலை, கரிபூலே. கொத்தமல்லி, கோதோமிலி. முருங்கை, மூரூம். அவன் என்னைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், வழிகாட்டியைப் பார்த்தான். "அப்போ இவரும் தமிழ் பேசுகிறாரா?" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு, "பிறந்ததிலிருந்து பேசுகிறேன் போல, யாரும் சொல்லவே இல்லையே" என்றார்.

என் மாமியாருக்குத் தமிழ் பேச வராது. கோயில் பாட்டு முழுசாக வரும், அர்த்தம் தெரியாது. என்னிடம் பேச முடியவில்லையே என்று பல வருடம் கூச்சப்பட்டவர். அவர் வாயில் இத்தனை நாளும் இருந்தது தமிழ்தான் என்று பேரன் முன்னால், வேறொரு ஆள் முன்னால் வெளியே வந்ததும், அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். இதை நான் வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் இப்படி விழுந்திருக்காது. பள்ளியில் பையன் தமிழ்ப் பாடம் படிக்கிறான், மதிப்பெண்ணும் வாங்குகிறான், ஆனால் அவனுக்கு அது நோட்டுப்புத்தகத்தில் இருக்கிற மொழி. அன்றைக்கு அது சமையலறைக்கு வந்தது.

அப்புறம் தாளிப்பனை. குடைப்பனை என்றும் சொல்வோம். 30 முதல் 80 வருடம் வரை வெறும் ஓலையாக வளர்ந்து, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை உச்சியில் லட்சக்கணக்கில் பூத்து, காய்த்து, அதோடு பட்டுப்போய்விடும். நாங்கள் போனபோது எதுவும் பூக்கவில்லை. இந்த ஓலையிலும் பனையோலையிலும்தான் நம்மவர்கள் சுவடி எழுதினார்கள், பேனா இல்லை, எழுத்தாணியால் கீறுவார்கள் என்று பையனிடம் சொன்னேன். உடனே செய்து பார்க்க வேண்டும் அவனுக்கு. வழியில் உதிர்ந்து கிடந்த ஏதோ ஒரு தடித்த மஞ்சள் இலையை எடுத்து, என் வீட்டுச் சாவி முனையால், பெஞ்சில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு "அம்மா" என்று கீறினான். அ வந்தது. ம்முக்குப் புள்ளி குத்தினான், சாவி இலையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. அதனால்தான் பழைய சுவடிகளில் பல இடத்தில் புள்ளியே வைக்காமல் விட்டிருப்பார்கள், ஓலை கிழிந்துவிடும் என்று சொன்னேன். துளை வழியாகக் கண்ணை வைத்து என்னைப் பார்த்தான். அந்த இலை இப்போது எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் இருக்கிறது, காய்ந்து சுருண்டுவிட்டது, எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராட்சத ஆமைகள் இருக்கின்றன, அல்டாப்ரா இனம், தடுப்புக்கு அந்தப் பக்கம்தான், தொட முடியாது. மான்களும் உண்டு. 1985இல் காலமான முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலத்தின் சமாதி உள்ளேதான் இருக்கிறது, 1988இலிருந்து தோட்டமே அவர் பெயரில்தான். பெரியவர்களுக்கு அங்கே நிற்கத் தோன்றும், பிள்ளைகள் நிற்க மாட்டார்கள். நடை அதிகம், மாமியார் வயதுக்காரர்கள் இரண்டு மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருக்கும், அவசரப்படுத்தாதீர்கள். தண்ணீர், தொப்பி, கொசுவுக்குத் தடவ ஏதாவது. வெயில் ஏறுவதற்கு முன்னால் காலையிலேயே போய்விடுங்கள்.

பக்கத்திலேயே போ பிளான் என்கிற இடத்தில் சர்க்கரை அருங்காட்சியகம் இருக்கிறது, 1999இல் மூடின பழைய ஆலைக்குள். கடைசியில் விதவிதமான சர்க்கரையை ருசி பார்க்கக் கொடுப்பார்கள். கரும்பு வெட்டத்தானே நம் ஆட்கள் பெரும்பாலும் இங்கே கப்பலேறி வந்தார்கள், அதைப் பிள்ளைக்குச் சொல்ல நல்ல இடம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம், மூக்கும் கால்களும் ஓய்ந்துபோகும். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

அல்லிக்குளத்தைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். அமேசான் ராட்சத அல்லி, ஓரம் மடிந்த தாம்பாளம் மாதிரி இலைகள், நீளமான குளம் முழுக்க. தட்டின் மேல்பக்கம் வழுவழு என்று இருக்கிறது, அடிப்பக்கமோ நரம்பும் முள்ளுமாக இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார். ஒரு தவளை அதன்மேல் உட்கார்ந்திருந்தது, பையன் பத்து நிமிஷம் அதை விட்டு நகரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. வேன் இல்லாததன் அருமை அப்போது தெரிந்தது. குளிர்காலம் என்பதால் நாங்கள் பூ பார்க்கவில்லை. வெயில் காலத்தில் வந்தால்தான் நல்லது என்றார் அவர். மொட்டு சாயங்காலம் விரியுமாம், முதல் நாள் வெள்ளை, அடுத்த நாள் அதே பூ இளஞ்சிவப்பு, அதோடு சரி.

அதே பூ நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றால் அடுத்தடுத்து இரண்டு நாள் வர வேண்டும் என்று பையன் உடனே கணக்குப் போட்டுவிட்டான். ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு என்று முடிவாகியிருக்கிறது. அந்த வழிகாட்டியிடமே சொல்லி வைத்திருக்கிறோம். மாமியார் இரண்டு நாளும் வருகிறார். சனிக்கிழமைக்குத் தால் பூரி, ஞாயிற்றுக்கிழமைக்குக் கரிபூலே போட்ட புளிச்சோறு என்று இப்போதே சொல்லிவிட்டார்.