ஆர்கேனா, கார்னிவல் ரோவா? குன்னூரிலிருந்து ஓர் அலசல்

ஸ்டீம்பங்க், அதாவது நீராவி எந்திர யுகத்தை வைத்துப் பின்னிய கற்பனைத் தொடர்களில் வரும் நீராவி, புகை, பல்சக்கரம் எதுவும் குன்னூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 1899 முதல் ரயில் ஏறி வருகிற ஊர் இது. அதனால் எந்திரங்களை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். யார் மேலே, யார் கீழே, எதிர்த்து நிற்பவர்கள் என்ன விலை கொடுக்கிறார்கள்? இதை வைத்துப் பார்த்தால் போட்டி இந்த இரண்டு தொடர்களுக்கும்தான். கதையின் சில திருப்பங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆர்கேன் அனிமேஷன் தொடர். 2021-ல் 9, 2024-ல் 9 என மொத்தம் 18 எபிசோடு. பளபளக்கும் பில்டோவர் மேலே, மூச்சுமுட்டும் ஸான் கீழே. மேல் குன்னூர் பங்களாக்களையும் கீழே பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் நெரிசலையும் தினமும் பார்க்கிறவர்களுக்கு அந்த ஊரின் அமைப்பு சட்டென்று பிடிபட்டுவிடும். அதிகாரம் கைமாறும் விதத்தைக் காட்டுவதில் இந்தத் தொடரை அடிக்க ஆளில்லை. கீழ்நகரத்தின் பெரிய தலை வேண்டர் தன் ஆட்களை அடக்கி வைக்கிறார், பதிலுக்குக் காவல்படை ஒதுங்கி இருக்கிறது. பின்னால் தலையெடுக்கும் சில்கோ காவல் அதிகாரியையே கைக்குள் போட்டுக்கொள்கிறான்.

அந்தஸ்து விஷயத்தில் கவனிக்க வேண்டியவன் விக்டர். கீழ்நகரத்தில் பிறந்தவன், ஊன்றுகோலோடு நடப்பவன். மந்திர சக்தியை எந்திரத்தில் பூட்டும் ஹெக்ஸ்டெக் கண்டுபிடிப்பில், மேல்நகரத்து ஜேஸுக்குச் சமமான உழைப்பு அவனுடையது. ஆனால் மேடையும் நகரை ஆளும் கவுன்சிலில் நாற்காலியும் ஜேஸுக்குப் போகின்றன. யாரும் சதி செய்யவில்லை, அது தன்பாட்டுக்கு நடக்கிறது. ஆனால் தொடர் அந்தக் காயத்தைத் தொட்டுவிட்டு வேகமாக அடுத்ததற்கு ஓடிவிடுகிறது.

கார்னிவல் ரோ அங்கேயே நின்று பேசுகிறது. போரில் நாடிழந்த தேவதை இனத்தார் கப்பலேறி பர்க் நகரத்துக்கு வருகிறார்கள். வந்த இடத்தில் ஒப்பந்தக் கூலிகளாகிறார்கள். இதை என்னால் வெறும் கற்பனையாகப் பார்க்க முடியவில்லை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்க, 1968-ல் அரசு தொடங்கியதுதான் நீலகிரியின் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலை) தோட்டங்கள். தமிழ் பேசி, தமிழ் மண்ணுக்குத் திரும்பி வந்தும் 'சிலோன்காரங்க' என்றே அழைக்கப்பட்டவர்கள் எங்கள் லைன் வீட்டு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்புப் பெரியவர்கள்.

தொடரில் அக்ரியஸ் என்று ஒருவன். தலையில் கொம்பு, கையில் பெரும் பணம். பணக்காரத் தெருவில் மாளிகை வாங்கிக் குடியேறுகிறான். எதிர்வீட்டு இமோஜனுக்கு அவன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. அவள் குடும்பமோ கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிறது. சரி, நீ பணம் போடு, நான் உன்னைப் பெரிய மனிதர்கள் மத்தியில் அறிமுகப்படுத்துகிறேன் என்று பேரம் முடிகிறது. அந்தப் பணம் எப்படி வந்தது என்பது பிறகுதான் தெரிகிறது. ஒப்பந்தத்தை முறித்து ஓடிய தன் சனங்களையே பிடித்துக் கொடுத்துச் சம்பாதித்தது. மேலே ஏற அவனுக்குக் கிடைத்த ஏணி அதுதான். தோட்டத்தில் தன் சனத்திலிருந்தே ஆள் பிடித்து மேய்த்த கங்காணி முறை பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது எங்கே உறைக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு என்று வந்தால் ஆர்கேன் பல படி மேலே. ஸானுக்கு விடுதலை தயார், பதிலுக்கு ஜின்க்ஸை ஒப்படைக்க வேண்டும் என்கிறான் ஜேஸ். வாழ்நாள் முழுக்க விடுதலை கேட்ட சில்கோவால் வளர்த்த பெண்ணை விட்டுக்கொடுக்க முடியவில்லை. கவுன்சில் சமாதானத்துக்குக் கை தூக்கும் நேரத்தில் ஜின்க்ஸ் விட்ட ராக்கெட் வந்துகொண்டிருக்கிறது. கோபத்துக்கு முழு நியாயம் இருந்தும் அது எதையெல்லாம் சேர்த்து எரிக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன தொடரை நான் பார்த்ததில்லை. கார்னிவல் ரோவில் கலகம் தொடங்கியதும் ரத்தம்தான் அதிகம் தெரிகிறது. ஒரு விதிவிலக்கு, முதல் சீசன் முடிவு. பாதி தேவதை இனத்தவன் என்ற பிறப்பை மறைத்து வாழ்ந்த இன்ஸ்பெக்டர் ஃபிலோ, எல்லோரும் பார்க்க, தனியே அடைக்கப்பட்ட அந்தச் சனங்களின் பக்கம் நடந்து போகிறான். வெளியூரில் வாடகை வீடு தேடும்போது சாதியைச் சொல்லத் தயங்கியவர்கள் அந்த நடையை மறக்க மாட்டார்கள்.

தொடராக உயர்ந்தது ஆர்கேன். ஆனாலும் தோட்டத்து ஆட்கள் கேட்டால் முதலில் கார்னிவல் ரோ பாருங்கள் என்பேன். இரண்டுமே சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற ரகம் இல்லை. 2023-ல் வந்த கார்னிவல் ரோ இரண்டாம் சீசன் எல்லாவற்றையும் அவசரமாக முடிச்சுப் போடுகிறது. 2019-ல் வந்த முதல் 8 எபிசோடோடு நிறுத்திக்கொண்டு ஆர்கேனுக்குப் போய்விடலாம்.